பின்னறை வரைக்கும் சிக்னல்

அவள் ஐந்து மணிக்கு வருகிறாள் என்று மச்சான் ஃபோன் செய்தபோது காலை மணி பத்து. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அவள் கோபித்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய் அன்றோடு பத்தொன்பது நாள்.

"சாமான் எடுக்க வர்றாங்க மாமா. புத்தகம், டேபிள் லைட், அந்த எழுதுற பலகை எல்லாம். நீங்க வேலைக்குப் போயிட்டாலும் பரவாயில்லை, சாவி அக்காகிட்ட இருக்கு."

நான் வேலைக்குப் போவதாவது! எனக்கு வயிறு சரியில்லை என்று சூப்பர்வைசருக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டேன். போட்ட சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவில் குட்டி போட்ட பூனை மாதிரி நடக்க ஆரம்பித்தேன். ஏழு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் பின்னறைக்கு வைஃபை வர வேண்டும். அவள் பையோடு உள்ளே போவாள், ஃபோனைப் பார்ப்பாள், சிக்னல் முழுதாக நிற்கும், பையைக் கீழே வைப்பாள். இதுதான் என் திட்டம். இதைவிடப் பெரிய திட்டம் போடுகிற மூளை எனக்கு இல்லை.

சிரிக்க வேண்டாம். அவள் போனதே இந்தச் சிக்னலால்தான். அவள் கணக்கு டீச்சர். எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளுக்குப் பின்னறையில் உட்கார்ந்து வீடியோவில் பாடம் எடுப்பவள். அந்த அறையில் சாதாரண ஃபோன் லைனே கிடைக்காது, வைஃபையும் ஒரு கோடு வரும், போகும். மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் மூன்று வருஷமாக "பாத்துக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது நாளுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடம் அவளை நிரந்தரமாக எடுக்கலாமா என்று பார்க்க மாதிரி வகுப்பு ஒன்று கேட்டிருந்தது. நாற்பது நிமிஷத்தில் மூன்று தடவை அறுந்தது. மூன்றாவது தடவை அவள் ஹாலுக்கு வந்து நின்றாள். நான் அதே வைஃபையில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் அதை நிறுத்துறீங்களா?"

"கணக்கு எங்க ஓடிப்போகப் போகுது? நாளைக்குச் சொல்லிக்குடு," என்றேன்.

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். கடைசி ஓவர் வேறு. அவள் திரும்பிப் போய் லேப்டாப்பை மூடினாள். அந்த வேலை யாருக்கோ போயிற்று. சாயங்காலம் அவளும் போய்விட்டாள்.

பத்தேகாலுக்கு என் பழைய லேப்டாப்பை ஹால் தரையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். வைஃபை பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த எண்ணை அடித்தேன். பாஸ்வேர்டும் அங்கேயே இருந்தது. உள்ளே போனால் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' என்று ஒரு பொத்தான். தொட்டதும் மஞ்சள் கட்டத்தில் ஓர் எச்சரிக்கை: விவரம் தெரிந்தவர்கள் மட்டும் மாற்றவும், இல்லாவிட்டால் இணைப்பு போய்விடக்கூடும். எனக்கா எச்சரிக்கை? பதினெட்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். பதினாலு மாடிக் கட்டிடத்தில் ஆள் மாட்டிக்கொண்டு அலறும்போது கண்ட்ரோல் பேனலைத் திறந்து கை வைக்கிறவன். இந்தப் பெட்டி என் உள்ளங்கை அளவுதான் இருக்கிறது.

மச்சானுக்கு ஃபோன் போட்டேன். அவன் இந்த மாதிரிப் பெட்டிகளை ஆபீஸ்களில் பொருத்துகிற கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அவனிடம் போய் நிற்பது எனக்குக் கொஞ்சம் மானக்கேடுதான். ஆனால் மானம் பார்க்கிற நாளா அது?

"முதல்ல பெட்டி எங்க இருக்குன்னு சொல்லுங்க மாமா."

"ஹால்லதான். நல்லா உயரமா."

"சுத்தி ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல, நீ மேல சொல்லு."

பச்சைப் பொய். ஏன் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன், இப்போது நினைத்தாலே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அவன் முதலில் சேனலை, அதாவது சிக்னல் போகிற தடத்தை, பார்க்கச் சொன்னான். பார்த்தால் அக்கம்பக்கத்து வீடுகளின் வைஃபை இருபத்துமூன்று பேர் வரிசையாக நிற்கிறார்கள். பாதிப் பேர் ஆறாம் சேனலில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள், எங்கள் பெட்டியும் அவர்களோடு. பதினொன்றுக்கு மாற்றி 'சேவ்' அழுத்தினேன். பெட்டி அணைந்து மறுபடி உயிர் பெற ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷம் எனக்கு உட்கார முடியவில்லை. விளக்கு பச்சையானதும் ஃபோனைத் தூக்கிக்கொண்டு நடை வழியாகப் பின்னறைக்கு ஓடினேன். ஒரு கோடு. அதுவும் நான் பார்க்கும்போதே போய்விட்டது.

திரும்ப ஹால். பெட்டி சிக்னலை எவ்வளவு பலமாக அனுப்ப வேண்டும் என்று ஓர் அமைப்பு இருந்தது. 'நடுத்தரம்' என்று இருந்ததை உச்சத்துக்கு ஏற்றினேன். மறுபடி ஒன்றரை நிமிஷம், மறுபடி ஓட்டம். இந்தத் தடவை மூன்று கோடு! குதித்தேன். வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது, ஓடவே இல்லை. மூன்று கோடு இருந்து என்ன பிரயோஜனம் என்று மச்சானிடம் கத்தினேன்.

"மாமா, பெட்டி சத்தமா கத்தினா மட்டும் போதாது. இந்தப் பக்கத்துலேருந்து ஃபோன் பேசறது அதுக்குக் கேக்கணும். ஃபோன் மெதுவாத்தான் பேசும்."

அவன் வைஃபையைத்தான் சொன்னான். அதில் சந்தேகம் இல்லை. இருந்தாலும் எனக்குச் சுருக்கென்றது. "சரி சரி, உங்க அக்கா சொல்லிக்குடுத்து அனுப்புனாளா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு அலைவரிசையையும் பிரித்தேன். ஒன்று வேகமானது, ஆனால் சுவர் தாண்டாது. இன்னொன்று மெதுவானது, சுவர் தாண்டும். இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் ஃபோன் வேகமானதையே பிடித்துக்கொண்டு தொங்கும் என்றான். பிரித்ததும் டிவி காணாமல் போனது. டிவியைச் சேர்த்தால் லேப்டாப் வெளியே விழுந்தது. ஒயர் தேடி அதைப் பெட்டியில் சொருகி மறுபடி உள்ளே போக மணி ஒன்றாகிவிட்டது. நடுவில் எதையோ சாப்பிட்டேன், நின்றுகொண்டேதான். கை ஒரு பக்கம், கண் கடிகாரத்தில். சேனலின் அகலத்தைக் குறைத்தேன், கூட்டினேன். அர்த்தம் தெரியாத ஏழெட்டு எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருந்த கட்டத்தை எல்லாம் டிக் செய்தேன், எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் சேவ், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிஷம், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டம். பதினாலு தடவை அந்த நடையில் ஓடினேன். கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டி, "வீட்டுல குழந்தைங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அசடு வழிந்தேன்.

மூன்றேகாலுக்குப் பின்னறையில் அதே ஒரு கோடு. மேஜை மேல் அவள் விட்டுப்போன சிவப்புப் பேனா மூடி திறந்து கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மறுபடி மச்சான்.

"மாமா, ஒரு தடவை உண்மையைச் சொல்லுங்க. பெட்டி எங்க இருக்கு?"

"ஷோகேஸ்ல," என்றேன்.

"எந்த ஷோகேஸ்? நீங்க பண்ணுனதா?"

அதேதான் என்றேன். அந்த ஷோகேஸை அவனுக்குத் தெரியும். இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கம். ஒரு பழைய கட்டிடத்தில் லிஃப்டைக் கழற்றியபோது கேபினின் ஸ்டீல் தகடுகளையும் பின்பக்கக் கண்ணாடியையும் தூக்கிப் போடப் போனார்கள். நான் கேட்டு வாங்கி வந்தேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அறுத்து, வளைத்து, ஷோகேஸ் செய்தேன். மூன்று பக்கமும் ஸ்டீல், முன்னால் கதவாக அந்தக் கண்ணாடி. வருகிறவர்கள் எல்லாம் முகம் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்கள். வைஃபை வந்தபோது பெட்டியை அதற்குள் வைத்தேன், ஒயர் தொங்கினால் அசிங்கம் என்று. லிஃப்டுக்குள் ஃபோன் எடுக்காது, ஸ்டீல் பெட்டிக்குள் சிக்னல் நுழையாது, வெளியே வந்து பேசுங்கள் என்று தினமும் பத்துப் பேருக்குச் சொல்கிற ஆள் நான். அப்படிப்பட்ட நானே வைஃபை பெட்டியை ஒரு லிஃப்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன்.

"அக்கா மூணு வருஷமா அதைத்தானே சொன்னாங்க. வெளிய எடுத்து நடையில மாட்டுங்கன்னு."

"சொன்னா."

"அப்புறம் என்ன மாமா?"

என்ன என்று சொல்வேன்? வேலைக்குப் போகிற இடத்தில் நான் முதலில் கேட்பது உள்ளே மாட்டிக்கொண்ட ஆளைத்தான். எங்கே நின்றது, என்ன சத்தம் வந்தது, குலுங்கியதா என்று. தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்குத் தெரிவது என் மீட்டருக்குத் தெரியாது. என் வீட்டில் மட்டும் அந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. ஒரு மனுஷி மூன்று வருஷமாகப் பின்னறைக்குள் மாட்டிக்கொண்டு மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"நீங்க இன்னிக்கு மாத்துனது எல்லாத்தையும் பழையபடி வச்சிடுங்க. பெட்டியை மட்டும் எடுங்க," என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

எடுத்தேன். மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்தேன். நடையின் நடுவில் சுவரில் ஏற்கெனவே ஓர் ஆணி இருந்தது. ஒயர் தாராளமாக எட்டியது. பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாக் கோடும் நின்றது. வீடியோ தொட்டவுடனே ஓடியது. நான் அந்த அறையில் தனியாக நின்றுகொண்டு, யாரோ தெரியாத ஆள் எதையோ விற்கிற வீடியோவை முழுதாகப் பார்த்தேன், அத்தனை சந்தோஷம். பெருமை வேறு.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்தால் பேனலைப் பூட்டாமல் நகரக் கூடாது. சாவி பாக்கெட்டுக்குள் விழுகிற சத்தம் கேட்டால்தான் வேலை முடிந்த மாதிரி. யாராவது கண்டவன் கை வைத்து உயிர் போனால் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் கடைசிப் பக்கத்தில் அந்த மாதிரி ஒரு பூட்டு இருந்தது. அனுமதித்த கருவிகள் மட்டும் உள்ளே வரலாம், மற்றது எதுவும் பாஸ்வேர்டு தெரிந்தாலும் வர முடியாது. இப்போது வீட்டில் இணைந்திருப்பவை என்று மூன்று வரி காட்டியது: என் ஃபோன், லேப்டாப், டிவி. மூன்றையும் டிக் செய்தேன். 'பட்டியலில் இல்லாதவை மறுக்கப்படும், சம்மதமா' என்று கேட்டது. சம்மதம் என்றேன். கை தானாகவே இல்லாத சட்டைப் பையைத் தடவியது.

நாலரைக்குக் குளித்தேன். பின்னறை மேஜையைத் துடைத்தேன். நாலே முக்காலுக்குச் சட்டையை மாற்றினேன், நாலு ஐம்பதுக்கு மறுபடி மாற்றினேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஐந்து பத்துக்குச் சாவி போடுகிற சத்தம் கேட்டது. தன் வீட்டைத் தானே திறந்துகொண்டு, விருந்தாளி மாதிரி வாசலிலேயே நின்றாள்.

"வேலைக்குப் போகலையா?"

"இல்ல. வயிறு சரியில்ல."

என் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை. இரண்டு பெரிய பைகளோடு நடையில் நடந்து வந்தவள் சுவரில் தொங்கிய பெட்டியைப் பார்த்து நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பின்னறைக்குள் போய்ப் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

எவ்வளவு நேரம் பொறுப்பது? இரண்டு நிமிஷம் பொறுத்தேன்.

"ஃபோனை ஒரு தடவை பாரேன்."

"எதுக்கு?"

"சும்மா பாரேன்."

பார்த்தாள். புருவம் சுருங்கியது. விரலால் தொட்டாள், காத்திருந்தாள், மறுபடி தொட்டாள். பிறகு ஃபோனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். எங்கள் வைஃபையின் பெயர், அதன் கீழே 'இணைக்க முடியவில்லை'.

"பாஸ்வேர்டை மாத்திட்டீங்களா?"

"இல்லையே!"

"அப்புறம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையிலிருந்து இவளுக்காகவே ஓடியிருக்கிறேன். பூட்டு போடும்போது இவளை வெளியே வைத்துப் பூட்டியிருக்கிறேன். பத்தொன்பது நாளில் பெட்டியும் இவளை மறந்திருந்தது, நானும் பட்டியலில் தேடவில்லை.

"என்னை எடுத்துட்டீங்களா?" என்றாள். குரல் ஏறவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"எடுக்கல. சேக்கல. அதாவது... வேலை முடிச்சுட்டு பூட்டுனேன். அப்ப நீ இங்க இல்ல. அதனால... நான் ஒரு மடையன். சத்தியமா உனக்காகத்தான் எல்லாம் பண்ணேன். காலையிலேருந்து பதினாலு தடவை ஓடியிருக்கேன், கீழ்வீட்டு அம்மாவை வேணா கேளு."

லேப்டாப்பை எடுத்து வந்து அவள் மேஜையில் வைத்தேன். அவள் ஃபோனுக்கு ஓர் அடையாள எண் உண்டு, பன்னிரண்டு எழுத்து, அதை இதில் சேர்த்தால் போதும் என்றேன். அது எங்கே இருக்கும் என்று நான் தேடுவதற்குள் அவளே திறந்துவிட்டாள்.

"ஃபோன் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு நம்பர் மாத்தி வச்சுக்கும். இந்த வைஃபைக்கு இருக்கிற நம்பரைச் சொல்றேன், அதைத்தான் போடணும். எழுதிக்கோங்க."

இரண்டிரண்டாகச் சொன்னாள். நான் திருப்பிச் சொல்லிச் சொல்லி அடித்தேன். ஐந்தாவது ஜோடியில் தப்பாக அடித்தேன். "அழிங்க, மறுபடி சொல்றேன்" என்று பொறுமையாகச் சொன்னாள். பிள்ளைகளிடம் பேசுகிற குரல். மூன்று வருஷமாக அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த குரல், எனக்கு நேராக அன்றைக்குத்தான் கேட்டது. கடைசியில் கருவிக்கு ஒரு பெயர் கொடுக்கச் சொன்னது. என்ன போடுவது என்று ஒரு கணம் தடுமாறிவிட்டு 'டீச்சர்' என்று அடித்தேன். அவள் அதைப் பார்த்தாள். உதட்டோரம் லேசாக அசைந்தது. சேவ்.

"வந்துடுச்சு," என்றாள். "ஃபுல்லா இருக்கு."

"இருக்கா? வீடியோ போட்டுப் பாரு. நிக்காது. நாப்பது நிமிஷம் இல்ல, நாலு மணி நேரம் கிளாஸ் எடுத்தாலும் நிக்காது!"

அவள் நடையை எட்டிப் பார்த்தாள்.

"பெட்டியை அங்க மாட்ட எவ்வளவு நேரம் ஆச்சு?"

ஒரு பொய் வாய் வரைக்கும் வந்தது. ஆணி அடித்தேன், துளை போட்டேன், ஒயர் இழுத்தேன் என்று அளந்திருக்கலாம். அன்றைக்கு அது முடியவில்லை.

"நாலு நிமிஷம்."

தலையை மெல்ல ஆட்டினாள், பிள்ளை சரியான விடையைச் சொன்னால் ஆட்டுவாளே, அப்படி. பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தன் நாற்காலி, தன் மேஜை. கையில் ஃபோன். விரல் வேகமாக ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உட்கார்ந்துவிட்டாள் பார், உட்கார்ந்துவிட்டாள் என்று உள்ளே ஒருவன் கைதட்டினான்.

"டீ போடட்டுமா?"

"வேணாம்." ஃபோனிலிருந்து கண் எடுக்கவில்லை. "வண்டி புக் பண்ணிட்டேன். மூணு நிமிஷத்துல வந்துடுமாம்."

நான் அப்படியே நின்றேன்.

"முன்னாடியெல்லாம் வண்டி புக் பண்ணணும்னா வாசலுக்குப் போய் நிக்கணும். இப்ப இங்கேருந்தே முடியுது," என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நன்றாக வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னாள்.

"இனிமே அறுந்துபோகாது," என்றேன்.

"தெரியுது."

"அப்ப இரேன்."

"வைஃபை இல்லாததால நான் போகலைங்க," என்றாள்.

லைட்டையும் பலகையையும் பைகளில் திணித்தாள். பைகளைத் தூக்கப் போனேன். வேண்டாம் என்றாள். ஒன்றையாவது கொடு என்றேன். தானே தூக்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு இரண்டையும் இரண்டு தோளில் மாட்டிக்கொண்டாள். கதவு சாத்துகிற சத்தம் மெதுவாகத்தான் கேட்டது.

ஜன்னலுக்குப் போகத் துணிவில்லை. லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். இப்போது இணைந்திருப்பவை என்ற பட்டியலில் நாலு வரி. நாலாவது வரியில் 'டீச்சர்', பக்கத்தில் நாலு கோடு. பக்கத்தைப் புதுப்பித்தேன். மூன்று கோடு, படிக்கட்டுக்கு வந்திருப்பாள். புதுப்பித்தேன். இரண்டு. முதல் வளைவில் பையை இறக்கிவைத்து மூச்சு வாங்குகிறாளோ என்னவோ, கொஞ்ச நேரம் இரண்டாகவே இருந்தது. நானும் மூச்சு விடவில்லை. திரும்பி ஏறினால் மூன்றாகும், ஏறு, ஏறு என்று வாய்விட்டே சொன்னேன். புதுப்பித்தேன். ஒன்று. கீழே ஒரு வண்டிக் கதவு திறந்து மூடியது. மறுபடி அழுத்தினேன். மூன்று வரிதான் இருந்தது. மறுபடி அழுத்தினேன்.